மூன்றாவது கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது அடுப்படி ஒன்றா இரண்டா என்பதைப் பற்றித்தான்.

ஜப்பானில் தகாஓகா என்கிற ஊரில் என் மாமனார் தோகுஜியின் அப்பா கட்டிய வீடு அது. கறுப்பு ஓடு, கட்டிப்பிடிக்க முடியாத உத்திரங்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வரும். இடித்துக் கட்ட மாமாவுக்கு மனசில்லை. தூணையும் கூரையையும் விட்டுவிட்டு உள்ளே மட்டும் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. கீழே மாமாவும் அத்தையும். மேலே நானும் என் கணவர் தகாயுகியும் மகள் நாகியும். தனி வாசல், தனி அடுப்படி இல்லாமல் இனி இங்கே இருக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். அத்தை நோபுயோ அதற்கு "ம்" என்று மட்டும் சொன்னாள். காலையில் மீனை அரைத்து அவித்து விற்கிற மீன் கேக் கடையில் வேலை, மீதி நேரம் வீடு என்று இருக்கிறவள். அந்த "ம்" சம்மதமா இல்லையா என்று எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை.

அன்று இன்ஜினியர் ஹிரோனோ கடைசி பிளானைக் கொண்டுவந்து தாழ்மேசையில் விரித்தார்.

"எல்லாருக்கும் சம்மதம்னா பனி விட்டதும் வேலையை ஆரம்பிச்சிடலாம். ஏதாவது விட்டுப்போச்சா?"

அத்தை எல்லார் முன்னாலும் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஒரு கதவு விட்டுப்போச்சு."

"எங்கேம்மா?" ஹிரோனோ பென்சிலை எடுத்தார்.

"வடக்கு ரூமுக்கு. வெளியிலேர்ந்து நேரா உள்ள வர்ற மாதிரி. ஒரு சின்ன அடுப்பு, குளிக்கிற இடம், கக்கூஸ். கரண்ட் மீட்டர் தனியா. காலிங் பெல்லும் தனியா."

மாமா சிரித்தார். "வாடகைக்கு விடப் போறாளாம். அந்த இருட்டு ரூமுக்கு யாரு வருவா?"

"நான்," என்றாள் அத்தை.

கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. ஹிரோனோ பென்சிலைக் காகிதத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்?

"அம்மா, நீயும் அப்பாவும் கீழ இருக்கற மாதிரிதானே பிளான்?" என்றார் தகாயுகி.

"அப்பா கீழ இருக்கட்டும். நான் வடக்குல இருக்கேன். நடுவுல சுவர்."

"டைவர்ஸா?"

"அதுக்கெல்லாம் யாருடா அலையறது. பேரு அப்படியே இருந்துட்டுப் போகட்டும். செத்தப்புறம் வேணும்னா ஒரே கல்லறையில வைங்க, எனக்கென்ன தெரியப் போவுது. உசுரோட இருக்கற வரைக்கும் ஒரு சுவர் வேணும்."

அவள் குரல் உயரவே இல்லை. கடையில் பார்சல் கட்டும்போது பேசுகிற அதே குரல்.

மாமா டீக்கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், எழுந்து போவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப எனக்குச் சோறு?" என்றார்.

"அதைத்தான் முதல்ல கேப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் அத்தை.

மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "மேல சிஹோ இருக்காள்ல. ஒரு கிண்ணம் கூட வைக்கறதுல அவளுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

தகாயுகியும் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் போராடி வாங்கின என் அடுப்படி ஒரே நொடியில் கைவிட்டுப் போகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவ செய்ய மாட்டா," என்றாள் அத்தை. "நான் செஞ்சது போதும். அவகிட்ட யாரும் கேக்கக் கூடாது."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அம்மாள் எனக்காக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

தகாயுகிக்கு இன்னும் நம்ப முடியவில்லை. "சரி, அந்த ரூம் ஏம்மா? தாத்தா படுத்துக் கெடந்த ரூம். நாங்க யாரும் உள்ளகூடப் போறதில்ல."

மாமாவின் அப்பா பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் அங்கேதான் கிடந்தார். குளிப்பாட்டினது, ஊட்டினது, துணி மாற்றினது எல்லாம் அத்தை ஒருத்திதான். அந்தச் சுவரை முதலில் இடிக்கச் சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"உங்க தாத்தாவுக்குப் பேச்சு நின்னு போச்சு," என்றாள் அத்தை. "இந்த வீட்டுல என்னை யாரும் கூப்பிடாத ரூம் அது ஒண்ணுதான்."

ஹிரோனோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மாமா எழுந்து, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனி வாருகிற மண்வெட்டியோடு வெளியே போனார். காலையிலேயே வாசலை வாரி முடித்திருந்தார். வெறும் சிமெண்டுத் தரையை மண்வெட்டி சுரண்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று தகாயுகி என்மேல் பாய்ந்தார். "எல்லாம் உன்னாலதான். தனி வாசல், தனி அடுப்புன்னு நீதான் ஆரம்பிச்சு வெச்ச. இப்ப ஊருக்கு என்ன பதில் சொல்றது?"

எனக்கே அந்தப் பயம் இருந்தது. மறுநாள் பாத்திரம் துடைக்கும்போது அத்தையிடமே கேட்டேன்.

"என்னாலயா அத்தை?"

"ஆமா," என்றாள் உடனே. துடைத்த தட்டை அலமாரியில் வைத்தாள். "நீ தனி அடுப்பு வேணும்னு கேட்டப்ப, இன்னிக்கு வீடு ரெண்டாகப் போவுதுன்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகல. அப்பாவும் பிள்ளையும் கொஞ்சம் முனகினாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. கேட்டா கிடைக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

வீடு மாமா பேரில் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது. அவரோ யாருடனும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அத்தை ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தாள். "சுவர் இல்லன்னா அங்க போயிடறேன்" என்று சொல்லிவிட்டு முள்ளங்கியை வெட்ட ஆரம்பித்தாள்.

பனி விடுகிற சமயத்தில் ஹிரோனோ எனக்குப் போன் செய்தார். "உங்க மாமனார் ஆபீசுக்கு வந்திருந்தார்."

வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் போல என்று நினைத்தேன்.

"அடுப்பு மேடை விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். ஒவ்வொண்ணு முன்னாலயும் நின்னு, பாத்திரம் கழுவுற மாதிரி கையை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் பொம்பளைங்க உயரத்துக்கே வெச்சிருக்கீங்க, குனிஞ்சா எனக்கு இடுப்பு வலிக்கும், ஒசத்திப் போடுங்கன்னார். வடக்குக் கதவுக்கும் சேர்த்துக் கையெழுத்து போட்டுட்டார்."

சோத்துக் கிண்ணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனுஷன்.

கோடைக்கு முந்தின மழைக்காலம் முடிவதற்குள் மூன்று கதவும் வந்துவிட்டன. முதலில் கொஞ்ச நாள் கீழேயிருந்து கருகின மீன் வாசனைதான் வரும். மாமா இளைத்துப்போனார். நாகி ஒருநாள் அவர் வைத்த மிசோ சூப்பைக் குடித்துவிட்டு வந்து, "தாத்தா கடல் தண்ணியைக் காய்ச்சி வெச்சிருக்கார்" என்றாள். அதைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்தமுறை அந்த உப்புச் சோயா விழுதைக் குறைத்திருக்கிறார். தகாயுகி மட்டும் வடக்குக் கதவுப் பக்கம் போகவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவுக்குப் போன் செய்வார், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு.

இலை பழுக்கிற சமயம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வீட்டைச் சுற்றி நடந்து வடக்குப் பக்கம் வந்து காலிங் பெல்லை அழுத்தினார். அத்தை கதவைத் திறந்தாள்.

"உள்ள வரலாமா?" என்றார்.

அவருடைய அப்பா கட்டின வீடு. அந்த வீட்டில் அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"கடையில கூட வேலை செய்யறவ வந்திருக்கா. சாயங்காலமா வாங்க."

"சரி," என்றார். திரும்பி நடந்தார்.

ஈரச் சட்டையைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் காலில் சொட்டுவதுகூட உறைக்கவில்லை.

சாயங்காலம் முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவரே இஸ்திரி போட்டிருக்க வேண்டும், கை மடிப்பு கோணலாக இருந்தது.

"அப்பா எங்க இப்படி டிரஸ் பண்ணிக்கிட்டுக் கிளம்பிட்டார்?" என்றார் தகாயுகி.

"உங்கம்மாவைப் பார்க்க."

அத்தை கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டாள். கதவு மூடிக்கொண்டது. நல்ல கனமான சுவர், ஹிரோனோ பார்த்துப் பார்த்துப் போட்டது. பேசினார்களா, சும்மா உட்கார்ந்திருந்தார்களா, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தகாயுகி ஜன்னலை விட்டு நகரவே இல்லை.