தண்ணீர் வற்றிய மத்தியானம்

விடிவதற்குள் ஆற்றில் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் லாரி கைவிட்டுப் போய்விடும். மெராப்பி எரிமலை கக்கிய மணல், ஈரத்தில் இரும்பாய்க் கனக்கும். மண்வாரியை ஒவ்வொரு முறை லாரிக்குள் வீசும்போதும் தோள்பட்டை கழன்று மறுபடி மாட்டிக்கொள்ளும். கணுக்கால்வரை தண்ணீர், பல் கிட்டும் குளிர். அப்படித்தான் நாங்கள் இருபது பேரும் பொழுதைத் தொடங்குவோம்.

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. கீழே ஆட்கள் வாரும்போது, ஒருவர் மேல்கரையில் உட்கார்ந்து மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உள் குடைந்த மரக்கொட்டு தொங்கும். உச்சியில் மேகம் இறங்கினால் படபடவென்று அடிப்பார். போட்டது போட்டபடி கரையேறிவிடுவோம். பொனிரின் என்ற முட்டி தேய்ந்த அண்ணன்தான் எங்களுக்குக் கண். அந்த மத்தியானத்துக்கு ஒரு வாரம் முன்பு லாரி முதலாளி ஹர்தோனோ அந்தக் கண்ணைப் பிடுங்கினார்.

"வானத்தைப் பாக்குறதுக்கு ஒரு கூலியா? அதை நான் சும்மாவே பாக்குறேன்" என்றார்.

பொனிரின் அண்ணன் கையிலும் மண்வாரி வந்தது. நாங்கள் முணுமுணுத்தோம், அதோடு சரி. முணுமுணுப்புக்கு எந்த முதலாளி பயந்தான்?

அன்று மத்தியானம் எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலையுச்சி மட்டும் கறுப்புக்குள் காணாமல் போயிருந்தது. சோறும் டெம்பே என்கிற சோயா வில்லையும் தின்றுவிட்டு இறங்கினால், ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நடு ஆற்றில் அருமையான மணல்திட்டு ஒன்று தலைகாட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ஆளாக அங்கே ஓடியவன் நான்தான்.

"ஜர்வோ, வண்டியை நடுவுல இறக்கு!" முதலாளி கரையிலிருந்து கத்தினார். டிரைவர் ஜர்வோ எங்கள் ஊர்க்காரன், கல்யாணமாகி மூன்று மாதம்.

வாகியெம் அக்காள் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். இந்த ஆற்றுக்குப் புருஷனைக் கொடுத்தவள் அவள்.

"மேல கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. கீழ தண்ணி எப்படிக் குறையும்? எங்கயோ மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. ஒடைஞ்சா மொத்தமா வரும். ஏறுங்க எல்லாரும்!"

"ஏய், வண்டி பாதிகூட ரொம்பல. மழை மலையிலதானே பெய்யுது, உன் தலையிலயா பெய்யுது?"

"தலைக்கு வந்தப்புறம் சொல்றதுக்கு நாங்க இருக்க மாட்டோம் முதலாளி."

"ஏறுறவன் நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அந்த ஒரு சொல் எங்களைக் கட்டிப்போட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் இன்னும் நான்கு முறை வாரி வீசினேன். அந்த நான்கும் இன்றைக்கும் என் கையில் கனக்கின்றன.

பொனிரின் அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மண்வாரியை ஊன்றி நொண்டி நொண்டிக் கரையேறினார். மரக்கொட்டு படபடத்த பிறகுதான் எங்கள் கால்கள் நகர்ந்தன. அதற்குள் உள்ளங்காலில் தரையின் நடுக்கம் தெரிந்தது, கந்தக வாடை மூக்கில் ஏறியது. ஜர்வோவும் எங்களோடு பாதிக் கரை ஏறிவிட்டான்.

"டேய், வண்டியை யாருடா எடுப்பான், உங்கப்பனா?"

ஜர்வோ திரும்பினான்.

"விட்டுத் தொலைடா, வா!" என்று நான் கத்தினேன்.

"ஒரு நிமிசம்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

வந்தது தண்ணீர் இல்லை. சேறும் சாம்பலும் வீட்டளவு பாறைகளும் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேலே வந்தன. லாரி ஒரு தடவை புரண்டதைப் பார்த்தோம். ஜர்வோவைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஆறு நிறையப் புது மணல். எங்களைக் கொல்ல வருவதே எங்களுக்குச் சோறும் கொண்டுவருகிறது, இதை என்னவென்று சொல்லித் திட்டுவது? ஜர்வோவைத் தேடி நாங்கள் குத்திப் பார்த்த மூங்கில்கள் அந்த மணலில் அங்கங்கே நின்றன. ஹர்தோனோ வேறு இரண்டு லாரிகளோடு வந்து இறங்கினார்.

"பாவம், அவன் விதி. சரி சரி, மணல் முதல் தரமா வந்திருக்கு. இறங்குங்க."

யாரும் இறங்கவில்லை, மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டோம்.

"மேல்கரையில பொனிரின் உக்காரணும்" என்றாள் வாகியெம் அக்காள். "எங்களுக்கு என்ன கூலியோ அதே அவருக்கும். கொட்டு அடிச்சா ஏறுவோம், உங்க வாயைப் பாத்துட்டு நிக்க மாட்டோம். ஜர்வோ பொண்டாட்டிக்கும் நீங்க பதில் சொல்லணும்."

"நீங்க இல்லேன்னா அக்கரைக்காரன் வர்றான்."

"கூப்பிடுங்க" என்றேன் நான். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அக்கரை ஊர்க்காரர்கள் முப்பது பேர் மேல்பாலம் வழியாக வந்து சேர்ந்தார்கள். மூங்கில்களைப் பார்த்தார்கள்.

"யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜர்வோ."

அவர் மண்வாரியை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"மூணு நாள் வயிறு காஞ்சா தானா இறங்குவீங்க" என்றார் ஹர்தோனோ. அவர் சொல்வது நடக்கவும் நடக்கலாம். எங்கள் வீடுகளில் அரிசி அவ்வளவுதான் இருந்தது.

அப்போது உச்சியில் மறுபடி மேகம் இறங்கியது. பொனிரின் அண்ணன் எழுந்து, யாரிடமும் கூலி பேசாமல், மரக்கொட்டை அடித்தார். அக்கரையிலிருந்து அந்த ஊர்க் கொட்டு பதில் சொன்னது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று என்று ஆற்றோடு சத்தம் இறங்கிப் போனது.

ஆற்றோரம் நின்றவர்களில் முதலில் மேட்டுக்கு ஓடியவர் ஹர்தோனோ.

"வானத்தைச் சும்மாவே பாப்பேன்னாரே, இப்ப எதைக் கேட்டு ஓடுறாரு?" என்றாள் வாகியெம் அக்காள். ஐம்பது பேர் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றுக்குள் ஒருவரும் இல்லை.