பொட்டு வைத்த சுவிட்ச்

ஆயுத பூஜை முடிந்து கம்பெனிகள் திறக்கும் நாளில் எனக்கு உட்கார நேரமிருக்காது. துடைக்கிறேன் என்று ஊரே ஒயரைப் பிடுங்கும். பிறகு நெட் வரவில்லை என்று என்னைக் கூப்பிடும். பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோதே உடம்பெல்லாம் அசதி.

முதலாளி தரணீதரன் வாசலிலேயே நின்றார். "ஏனுங்க ஜெபக்குமார், ஆபீஸ்ல நெட்டே இல்லீங்க. ஹாஸ்டல்ல மட்டும் பறக்குதுங்களாமா. அந்தப் புள்ளதான் ஒயர மாத்திப் போட்டிருக்கோணும். கணக்க முடிச்சு ஊருக்கு அனுப்பச் சொல்லீட்டனுங்க."

அந்தப் பிள்ளை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தையல் பிரிவு சித்ராதேவி. உசிலம்பட்டிப் பக்கம். ஹாஸ்டல் நெட்டைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிப் பலமுறை கேட்டவள். கேட்டதுதான் குற்றம். பையோடு ஆபீஸ் வாசலில் நின்றாள்.

நெட் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அதை மூன்றாகப் பிரித்து வைத்தவன் நான். பெட்டி ஒன்றுதான், உள்ளே ஆபீஸ், கேமரா, ஹாஸ்டல் மூன்றும் தனித்தனிக் குடித்தனம். விலான் என்போம். கேபிள் எந்தத் துளையில் இருக்கிறதோ, அந்தப் பிரிவில் சேரும். ஹாஸ்டல் துளைகளுக்கு வேகத்தைக் குறைக்கச் சொன்னவர் முதலாளி.

சுவிட்ச் இருந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். கேபிள்களை நிறம் பார்த்து வரிசையாகச் செருகியிருந்தார்கள், பார்க்க அழகாக. ஆபீஸ் கேபிள் கேமராத் துளையில். ஹாஸ்டல் கேபிள் ஆபீஸ் துளையில். ஒன்றை உருவினேன். துளையின் உள்விளிம்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாவற்றிலும் அப்படியே. கேபிள் இருந்தால் அங்கே விரல் போகாது.

"இதுக்குப் பொட்டு வச்சது யாரு சார்?"

"நாந்தானுங்க. வருசா வருசம் எங்கையாலதான். எல்லாத்தயும் உருவி, தொடச்சு..." அதோடு நிறுத்திக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பி, "போயி வேலயப் பாரு கண்ணு," என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. கேபிள்களை அதனதன் இடத்துக்கு மாற்றினேன். ஆபீசில் நெட் வந்தது.

சித்ராதேவி இன்னும் போகவில்லை. "ஹாஸ்டல்ல மறுபடி பழையபடி ஆயிருமாண்ணே?"

"ஆயிரும்மா."

"ரெண்டு நாளா எம்மக மொகம் வீடியோவுல நல்லாத் தெரிஞ்சுச்சு. முன்பல்லு விழுந்திருக்கு. நேத்துத்தான் பாத்தேன்." பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"சார், ஹாஸ்டலுக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிரட்டுமா?"

முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அப்பறம் பாத்துக்கலாமுங்க," என்றார், ரொம்ப மரியாதையாக.