காபிக்கு முந்திய ஜெபம்

நகர மண்டபத்தில் கூடியவர்கள்: ஜன்னல் பக்கம் போதகர் ஷிர்மர், எங்கள் சபை மூப்பர் மூவர், செயலாளனாக நான். சுவர்ப் பக்கம் எதிர்ச்சபையார் ஐவர். அவர்களில் வயதானவர் காஸ்பர் மிக்கன். அடுக்களையில் என் அக்கா ஹுல்டா. எதிர்ச்சபையில் வாழ்க்கைப்பட்டவள்.

இரண்டும் லுத்தரன் சபைகள்தான், ஒரே சாலையின் இரு புறம். கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி பற்றி ஜெர்மனியிலிருந்து இங்கே குடியேறிய எங்கள் தாத்தாக்கள் வாதிட்டுப் பிரிந்தார்கள். வேறு போதனை உள்ளவரோடு சேர்ந்து ஜெபிப்பதே பாவம் என்று பிறகு எங்கள் பக்கம் ஆயிற்று. 1937-ல் ஹுல்டா கணவனின் ஆலயத்தில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுத்தாள். எங்கள் சபைப் பதிவிலிருந்து அவள் பெயரை நீக்கிய கடிதத்தில் என் கையெழுத்து. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடமாக, கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் நாங்கள் தனித்தனியாக, மனசுக்குள்தான் ஜெபிக்கிறோம்.

இரு சபைகளும் இணைவதா என்று தீர்மானிக்கவே இந்தக் கூட்டம். அவர்கள் தொடக்க ஜெபம் முடிக்கும்வரை நாங்கள் வெளியே குளிரில் நின்றோம். பிறகு நாங்கள் ஜெபிக்க, அவர்கள் நின்றார்கள். இரண்டு மணி நேரம் பேசியும் விஷயம் நகரவில்லை. ஹுல்டா காபியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். மிக்கன் கை கூப்பி, ஜெர்மனில் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினார். பத்துத் தலைகளும் தாழ்ந்தன. சின்ன வயதில் படித்தது. பத்து வாயும் ஒன்றாகச் சொன்னது. ஷிர்மர் வாயும்தான். ஆமென் வந்தபிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. யாரும் கோப்பையைத் தொடவில்லை.

"வேணும்னு செய்யலப்பா," என்றார் மிக்கன். "வாய் அதுவா ஆரம்பிச்சிருச்சு."

ஷிர்மர் என் நோட்டைப் பார்த்தார். "இதை எழுத வேணாம், எர்வின். அடிலெய்டுல நம்ம சபைத் தலைமையில கேள்வி வரும். முதல்ல உங்க செயலாளர் பதவிதான் போகும்."

"அவன் எங்க எழுதப்போறான், போதகரே," என்றாள் ஹுல்டா, கேக்கை வெட்டியபடி. "என் பேரை அடிக்கத்தான் அவன் கை ஓடும். காபி ஆறுது, குடிங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு பேச்சு லேசாயிற்று. இணைவுக்கு எட்டுப் பேர், யோசிக்கலாம் என்று இருவர்.

மறுநாள் காலை அஞ்சலகத்தில் ஹுல்டா நின்றிருந்தாள். "எழுதினியா?"

அடிலெய்டுக்கு அனுப்பும் கூட்டக்குறிப்பு இருந்த, ஒட்டாத உறையை நீட்டினேன். தேதி, வந்தவர்கள், வாக்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான்காம் பத்தியில் அவள் விரல் நின்றது: 'காபிக்கு முன் இரு தரப்பினரும் சேர்ந்து ஜெபித்தோம். செயலாளனான நானும் ஜெபித்தேன்.'

இரண்டு முறை படித்தாள். மடித்து உள்ளே வைத்து, உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து அவளே ஒட்டினாள். கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திவிட்டு, பெட்டிக்குள் போட்டாள்.