நாண் ஏற்றிய வில்

துணிக் கொடியில் என் சுடிதாருக்கும் அவர் யூனிபார்முக்கும் நடுவே எருமைக்கால் நரம்புகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று, இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று முடிவு செய்தேன். திட்டலாம் என்றால் ஆள் வீட்டில் இல்லை. நான் முதல் ஷிப்ட் முடித்து வேனிலிருந்து இறங்குவதற்குள் அவர் இரண்டாவது ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் அந்தச் சூட்டிலேயே கொட்டிவிட வேண்டும். ஆறிப்போன கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவர் பெயர் முனிராஜ். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. நான் சுகுணா, ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். வண்டிகளுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். அவருக்கு முதல் ஷிப்ட் வந்தால் எனக்கு இரண்டாவது வரும். எனக்கு ஞாயிறு லீவு, அவருக்கு வெள்ளி. என் வேனும் அவர் பஸ்ஸும் ரிங் ரோட்டில் எதிரெதிரே கடக்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஜன்னலோர சீட்டுக்குத் தினமும் சண்டை போடுவேன். ஏதும் விசேஷம் இல்லையா என்று ஊரில் கேட்பவர்களிடம், "மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கணும் இல்ல?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அவருடைய டீ நேரம் பார்த்து போன் அடித்தேன்.

"கொடியில என்னாங்க அது?"

"நரம்பு."

"அது கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு?"

"வில்லு செய்ய."

"வில்லா? யாருக்கு?"

"உனக்குத்தான்," என்றார். "டீ ஆறுது, வெச்சுடறன்."

கல்யாணமான புதிதில் எப்போதோ சொன்னது அது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பி.டி. மாஸ்டர் மூங்கிலை வளைத்து வில் கட்டி எங்களுக்கு அம்பு விடக் கற்றுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியில் போட்டிக்குப் போனபோது வேறொரு பள்ளிப் பெண் தன்னுடைய நல்ல வில்லை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்கக் கொடுத்தாள். இழுத்ததும் அதன் பலம் என் தோள் வரை ஏறியது. அதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதிரி இன்னொரு வில்லை ஒரு தடவையாவது இழுத்துப் பார்க்கணும் என்று சொன்னேன். இவர் "ம்" என்றார். இவருடைய "ம்" எல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. மரம் கெலமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் கிடைத்த பழைய மாட்டுவண்டியின் ஏர்க்கால். அதை வாச்சியால் செதுக்கி, அரத்தால் ராவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, நடுவில் கைப்பிடியும் இரண்டு பக்கமும் மெலிந்த கைகளுமாக ஆக்கினார். வேலையிலிருந்து நான் வரும்போது தரையெல்லாம் மரச்சீவலாக இருக்கும்; ஆள் இருக்கமாட்டார். கூட்டிப் பெருக்குவதற்கு முன் அதில் ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பேன். இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

காய்ந்த நரம்பு குச்சி போல விறைத்து மஞ்சளாகிவிட்டது. அதை என் அம்மிக்கல்லில் வைத்து நசுக்கி, நார் நாராகப் பிரித்திருந்தார். அம்மியை நான் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். வீட்டுக்கார நாராயணம்மா மாடிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏமம்மா சுகுணா, மேல கறிக்கடை வெச்சுட்டீங்களா?" என்றார். "உங்களுக்கும் ஒரு கிலோ போடட்டுமா ஆன்ட்டி?" என்றேன். எனக்கு என் புருஷன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அடுத்தவர் அவரைச் சொன்னால் பொறுக்காது.

நாரெல்லாம் பிரித்த பிறகும் வேலை நகரவில்லை. மரம் ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. என்ன ஆச்சு என்று போனில் கேட்டேன்.

"மரத்த வளைச்சா முதுகுப் பக்கம் பொளக்கும். அந்தப் பக்கம் பூரா நரம்ப ஒட்டிட்டா பொளக்க உடாது, இழுத்துப் புடிச்சிக்கும். பசை சூடா இருக்கறப்பவே ஒரே மூச்சுல ஒட்டி முடிக்கணும். ஒருத்தர் நார நனைச்சுக் குடுக்கணும், ஒருத்தர் படிய வெக்கணும்."

"யாராவது பிரெண்ட கூப்புடறதுதானே?"

"உனக்கு எப்ப லீவு?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வர அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் ஓசூரில் அடுத்து வந்தது ஆயுத பூஜைக்குத்தான். கம்பெனி எல்லாம் மூடியிருக்கும். ஆனால் அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது. நான் முதல் நாளே வீட்டைக் கழுவி, வாச்சி, அரம், ஸ்பேனர், என் வயர் கட்டர், மிக்சி, அவர் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். பொரியும் சுண்டலும் படைத்துக் கும்பிட்டு எழுந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நாரைச் சீவ எடுத்து வைத்திருந்த சீப்புக்கும் நான் பொட்டு வைத்திருந்தேன்.

"இன்னிக்குச் செய்ய முடியாதா?" என்றார். பொம்மை உடைந்த பையன் முகம்.

"கைக்குப் பொட்டு வெக்கலையே," என்றேன். "கையால சீவலாம், வாங்க."

அவர் வஜ்ரப் பசையை ஊற வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரம் வைத்து உருக்கினார். பழைய ஆசாரிகள் ஜன்னல் கதவு ஒட்டும் பசை. தோல் வேகிற நாற்றம். நான் நாரை நனைத்து, விரலால் சீவி, அதிகப் பசையை வழித்துக் கொடுக்க, அவர் மரத்தின் முதுகில் படிய வைத்தார். ஒரு கட்டு முடிகிற இடத்தில் பக்கத்துக் கட்டு முடியக் கூடாது. செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வர வேண்டும். சிறிது நேரத்தில் அவரைவிட என் விரல் வேகமாகப் போனது. தினமும் வயரைச் சிக்கெடுத்துக் கட்டுகிற கை. "நீ படிய வெய்யி, நான் நனைக்கறன்," என்று இடம் மாறிக்கொண்டார். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் விழித்திருந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் சொன்னேன். வேறு நேரம் எங்கே இருந்தது?

"எங்க லைன சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு மாத்தறாங்க. போறவங்களுக்கு பர்மனென்ட். ஹாஸ்டல் குடுக்கறாங்க. போவலன்னா இத்தோட சரி."

அவர் கை நாரைப் பசையில் முக்கியபடி நின்றது. போகாதே என்று சொல்வார் என்று பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அந்த நிமிடமே வேலையை விட்டிருப்பேன். வேறு கம்பெனி இல்லாமலா போய்விட்டது?

"உன் இஷ்டம்," என்றார். "பசை ஆறுது, சீக்கிரம் வெய்யி."

மீதி நாரை எப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒரு நார்கூடக் கோணவில்லை. கோபத்தில் என் கை இன்னும் சுத்தமாக வேலை செய்யும். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரகடம் போனேன். பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு அறை. எல்லாருடைய புருஷனும் காதலனும் போனில் ஏதேதோ பேசுவார்கள். என் புருஷன் வீடியோ காலில் வில்லைக் காட்டுவார். "இன்னும் ஈரம் இருக்குது," என்பார். அடுத்த வாரம், "மழைக்குக் காய மாட்டேங்குது." நரம்பு காயக் காயச் சுருங்கி மரத்தைத் தன் பக்கம் இழுத்தது. நேராக இருந்த வில் மெல்ல மெல்ல எதிர்ப்பக்கமாக வளைந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பார், வில்லைக் காட்டுவார், வைத்துவிடுவார். திரையில் வில்லுக்குப் பின்னால் எங்கள் சமையல் மேடையும் கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுவேன். எனக்கு வீடு வேண்டியிருந்தது. அந்த ஊமை மனுஷன் வேண்டியிருந்தது. வா என்று அவர் ஒரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு வந்தேன். காணும் பொங்கலன்று காலையில், வில் காய்ந்துவிட்டது என்றார். நகத்தால் தட்டினால் கொம்பு போலச் சத்தம் வந்தது. செருப்புத் தைக்கும் நூலை முறுக்கி நாண் செய்து, மூங்கிலில் அம்பும் சீவி வைத்திருந்தார்.

"இது தனி ஆளால ஆவாது," என்றார். "ஒருத்தர் வளைச்சுப் புடிக்கணும், ஒருத்தர் நாண மாட்டணும். அவுக்கறதும் அப்படித்தான். வேலை முடிஞ்ச ஒடனே அவுத்துடணும். மாட்டுனபடியே உட்டா தளந்து போயிடும்." நேரில் அவர் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கம் வளைந்திருந்த வில்லை அவர் முட்டியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வளைத்தார். எங்கோ ஒரு நார் 'டிக்' என்றது. இருவரும் மூச்சை நிறுத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. நான் நாணின் கண்ணியை நுனிப் பள்ளத்தில் மாட்டினேன். வில் நின்றது.

பைக்கில் தொரப்பள்ளிப் பக்கம் போய், அறுவடை முடிந்த ஒரு கேழ்வரகுக் கொல்லையில் வைக்கோல் அடைத்த சாக்கை நிறுத்தினோம். முதல் அம்பு சாக்கைத் தாண்டிப் போனது. இரண்டாவது மண்ணில் குத்தியது. மூன்றாவதை இழுக்கும்போது அந்தப் பலம் என் தோளுக்கு ஏறியது. கிருஷ்ணகிரியில் ஏறிய அதே பலம். விட்டேன். சாக்கின் நடுவில் 'தொப்' என்று இறங்கியது. நான் கூச்சல் போட்டுக்கொண்டு குதித்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். மணி பார்த்ததும் சிரிப்பு நின்றது. மறுநாள் காலை எனக்கு முதல் ஷிப்ட். வீட்டுக்கு ஓடி, வில்லை ஆணியில் மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறந்தோம். நான் ஏறிய பஸ் உடனே கிளம்பிவிட்டது. இந்தத் தடவை தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

பேரண்டப்பள்ளி தாண்டும்போதுதான் நினைவு வந்தது. போன் அடித்தேன்.

"வில்ல அவுத்தீங்களா?"

"இல்ல."

"தனியா முடியாதா?"

"முடியாது. நாண அறுத்தா படார்னு போய் ஒடைஞ்சிடும்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பரவால்ல. நீ போ."

நீ போ! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை வெள்ளிக்கிழமை, அத்தனை நார், என் அம்மிக்கல், எல்லாம் தளர்ந்து போகட்டும், நீ போ. இந்த ஆளிடம் நேரில் நாலு வார்த்தை கேட்காமல் ஒரகடம் போய்ச் சேர்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. "அண்ணா, சூளகிரியில எறங்கிக்கறன்," என்று கண்டக்டரிடம் கத்தினேன். "சென்னைக்கு டிக்கெட் வாங்கிட்டு சூளகிரியா?" என்றார். "ஆமா, வூட்ல அடுப்ப அணைக்கல," என்றேன்.

எதிர்த் திசையில் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். சூளகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் நாராயணம்மா, "போகலையாம்மா?" என்று கேட்டதற்கு நிற்கக்கூட இல்லை.

கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஆணியில் தொங்கிய வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதும் எழுந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் எனக்கு வாயில் வரவில்லை.

"வாங்க, அவுக்கலாம்," என்றேன். "உங்க வில்லால நாளைக்கு எனக்கு ஆப்சென்ட்."

வில்லை எடுத்து முட்டியில் கொடுத்தார். நான் மண்டிபோட்டு நாணின் கண்ணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் வளைக்க வேண்டும், நான் கழற்ற வேண்டும். அவர் வளைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீராக நின்றிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் சுகுணா," என்றார்.

"தளந்து போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போவட்டும்," என்றார்.

நான் கண்ணியிலிருந்து கையை எடுத்தேன்.