ஒச்சாண்டி காலில் முளைத்த சிவப்பு

மாயக்காளுக்கு வாய் நீளம். கம்பத்துப் பக்கம் ஊரறிந்த சங்கதி அது. புருசன் ஒச்சாண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னும் ரெண்டு முழம் நீளும். இருக்காதா பின்னே? வாய்க்கால் வெட்ட அந்த மனுசன் இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்டவன் காலில்தான் மண்வெட்டி இறங்கியது. புண் ஆறாமல் கறுத்துக் கிடந்தது. சித்திரைக் கடைசி வெள்ளிக்கு மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வருவார், காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா ராஜமணி மட்டும் நம்பிக்கையை விடவில்லை. தினமும் வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார்.

ஒரு காலையில் மாயக்காள் கட்டை அவிழ்த்தால், புண் முழுக்கச் சிவப்பாக, பொடிப்பொடியாக முத்து! வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் கம்பம் நட்டிருந்த நேரம். "ஆத்தா இறங்கிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருந்தை நிறுத்தினாள், வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டுக்குள் டாக்டருக்கு என்ன சோலி?

மறுநாள் வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். மல்லுக்கு நிற்கவில்லை.

"மாயக்கா, அம்மை முத்துக்குள்ள என்ன இருக்கும்?"

"நீரு."

"கொதிக்க வச்ச துணியால இதை லேசா ஒத்திப் பாரு."

ஒத்தினாள். துணியில் பொட்டுப் பொட்டாக ரத்தம், நல்ல சிவப்பு.

"அடி ஆத்தே! அப்ப இது என்ன?"

"புது ரத்தக்குழாய். அவர் உடம்பே உண்டாக்குது."

"குழாயாவது, உண்டாக்குறதாவது! கண்ணால பாக்காம நான் நம்பமாட்டேன்."

டாக்டரம்மா கோவிக்கவில்லை. மறுநாள் நல்ல வெயிலில் மைக்ராஸ்கோப்பை வண்டியில் ஏற்றி வந்து வாசலில் வைத்தார். கண்ணாடித் தட்டில் வயலில் பிடித்த தலைப்பிரட்டை ஒன்று. மாயக்காள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். வாலுக்குள்ளே நூல் நூலாகக் குழாய்கள், அதில் ரத்தம் ஓடுகிறது! ஒரு குழாயின் பக்கத்தில் சின்னதாக ஒரு முளை.

"அந்த முளைதான் புதுக்குழாய். குழாயோட சுவரே உயிருள்ள செல்லுக. ஒரு செல்லு ரெண்டாப் பிரியும். நீளவாக்குல பிரிஞ்சா குழாய் நீளும், பக்கவாக்குல பிரிஞ்சா அகலும். மெதுவா நடக்குறதால பிரியுறதை நீ இப்பப் பாக்க முடியாது. உன் வீட்டுக்காரர் புண்ணுலயும் இதே வேலைதான்."

"முன்னால ஒரு ஆள் வெட்டிக்கிட்டே போக, பின்னால ஒரு ஆள் கரை கட்டுற மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப எங்க வீட்டு மனுசன் படுத்துக்கெடந்தும் வாய்க்கா வெட்டுறாரு!"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நிமிசமே டாக்டரம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கட்டுப் போடச் சொன்னாள். வேப்பிலையை மட்டும் எடுக்கவில்லை. ஆத்தாளும் கூட இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். ஒச்சாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவர் புண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஓரத்தை மெல்ல அழுத்தினார். சிவப்புத் துளி துளிர்த்தது.

"கால் பிழைச்சுக்கிச்சு. வெட்ட வேண்டாம்."

மலை மாதிரி மனுசன், குலுங்கிக் குலுங்கி அழுதான். மாயக்காள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்கே வந்துவிட்டாள்.

"ஏலே, எல்லாரும் வந்து பாருங்க! எங்க வீட்டு மனுசன் காலை எடுக்க மதுரையில இருந்து வந்தவுக, வெறுங்கையோட போறாக!"