பத்தாவது பாட்டு

மகள் பிறந்தபோது அழுத அழுகையில் ஆஸ்பத்திரி ஜன்னல் நாலும் விரிசல் விட்டதாக அவளுடைய சித்தி இன்றும் சத்தியம் செய்வாள். அந்தத் தொண்டை இப்போது தன் முதல் ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடி அறைக்குள் நின்றது. எல்லாப் பாட்டும் அவளே எழுதி, அவளே மெட்டமைத்தது. ஒன்பது முடிந்தாயிற்று. பத்தாவதுதான் ஆல்பத்துக்கே பெயர் கொடுத்த பாட்டு: ‘திரும்பிப் பார்க்காமல் போனவன்’.

போனவர் அவள் அப்பா. அவளுக்கு விவரம் தெரியாத வயதில் வீட்டை விட்டுப் போனவர், போன வருஷம் எங்கோ ஒரு வாடகை அறையில் கண்ணை மூடிவிட்டார். சாவுக்கும் அவள் போகவில்லை. போவதற்குப் பதிலாக இந்தப் பாட்டை எழுதினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். எறும்பு தும்மினால்கூட எந்த எறும்பு என்று சொல்லிவிடுவாராம். அதனால் எல்லோருக்கும் அவர் காதண்ணன். பக்கத்தில் அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

“இன்னொரு தடவை போலாம்மா. கடைசி வரியில கோபத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்க,” என்றார் காதண்ணன். அவர் பேச்சு அவளுடைய ஹெட்போனில் கேட்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் அமுங்கியே நிற்கும். மறுபடி தட்டினால்தான் விடும். உலகத்துக் காதையெல்லாம் குத்தகைக்கு எடுத்த மனுஷர், தட்ட மறந்தார்.

இசை ஆரம்பித்தது. அவள் பாடினாள். முதல் சரணத்தின் நடுவில் காதுக்குள் அம்மா பேசினாள்.

“என்ன தம்பி, இந்தத் திட்டு திட்டறா?”

“அதுதாங்கம்மா பாட்டுக்கு உசுரு. ஜனங்க அழற அழுகையில தெருவுல படகு விடணும், பாருங்க!”

அம்மா சிரிக்கவில்லை. “அவரா போகல, தம்பி. நான்தான் போகச் சொன்னேன். மூணு தரம் வந்து, பாப்பாவக் காட்டுன்னு கேட்டாரு. காட்டல. இவகிட்ட சொல்ல இன்னிவரைக்கும் வாய் வரல.”

மகளின் குரல் பாதி வரியில் நின்றது. இசை தன்பாட்டுக்கு ஓடிற்று. காதண்ணன் நிமிர்ந்தார், பொத்தானைப் பார்த்தார், முகம் வெளிறிப்போய்க் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. கேட்டுட்டா. மீதியும் கேக்கட்டும்.”

“ஏம்மா காட்டல?” மகள் மைக்கிலேயே கேட்டாள்.

“நீ அவரு பின்னாடியே ஓடிருவியோன்னு பயம்.”

“ஓடியிருப்பேன்.”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். “இந்தப் பாட்டு வேண்டாம்ணே.”

“அடிப் பாவி! ஆல்பத்துக்குப் பேரே அதானே? தலையை வெட்டிட்டு முண்டத்தக் கடைக்கு அனுப்பச் சொல்றியா?”

“வேற பேரு வெச்சுக்கலாம். நானும் சேர்ந்து அவரை ஊர் ஊரா வெரட்டணுமா?”

“என்னைத் திட்டி மாத்திப் பாடேன்டி,” என்றாள் அம்மா.

“உன்னைத் திட்ட ஆல்பம் எதுக்கு? வீட்லயே வெச்சுத் திட்டிக்கறேன்.”

அம்மா சிரிக்கப் போய் அழுதாள். மகள் அவளைத் தொடவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“மூணு தரம் வந்தாருன்னியே. மொதல் தரம் என்ன சட்டை போட்டிருந்தாரு?”

அம்மா யோசித்தாள். காதண்ணன் அதுவரை ஓடிக்கொண்டிருந்த இசையை நிறுத்தினார்.