சாமி படத்துக்கு மைக் பிடித்தவர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் சிட்டிபாபு நடத்திய வீடியோ கடையில் கேசட்டுகள் மொத்தம் மூன்றே வகைதான்: ஃபைட்டு, ஃபேமிலி, சாமி. அட்டையில் துப்பாக்கி இருந்தால் ஃபைட்டு. தாலி இருந்தால் ஃபேமிலி. சிலுவை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாமி. படத்தைப் போட்டுப் பார்த்துத் தரம் பிரிக்க அவனுக்கு நேரமும் கிடையாது, அவ்வளவு இங்கிலீஷும் கிடையாது. போன வருடம் தவக்காலத்துக்கு அவன் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சாமி வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ரத்தம் குடிக்கிற பேய்ப் படம். அதையும் பங்கு மக்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்கள். சாத்தானைப் பற்றி இவ்வளவு தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் புகழ் முழுக்க சவுரிமுத்து வாத்தியாரைச் சேரும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை முடிந்ததும் கோயில் ஹாலில் ஒரு சாமி படம் போடுவது அந்தப் பங்கின் வழக்கம். எல்லாம் இங்கிலீஷ் படம். அதனால் டி.வி.க்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் சவுரிமுத்துதான் ஒன்பது வருடமாக அந்த ஆள். அமெரிக்கர்கள் வாய்க்குள் மென்று விழுங்குவதில் பாதி அவருக்கும் புரியாது. மீதியை அவரே போட்டுக்கொள்வார். வாத்தியார் சொல்லும் கதை படத்தைவிட நன்றாயிருக்கிறது என்று பங்கில் பேச்சு.

தொண்ணூற்று நாலாம் வருடத்து அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு மைக் பிடிக்க மனசே இல்லை. ஒரு வாரமாக வீட்டில் சண்டை.

வருகிற திங்கட்கிழமை பங்கில் தவக்காலத் தியானம். மூன்று நாள் பிரசங்கம் வைக்க வருபவர் ஃபாதர் ஞானாதிக்கம். எழுபது வயது, வெண்கலக் குரல், அழவைப்பதில் மன்னன். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு தெற்கே ஒரு போர்டிங்கில் சவுரிமுத்து படித்தபோது அவர்தான் வார்டன். அவர் பங்குக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். மூன்று நாளும் பங்குச் சாமியார் பங்களாவில் தன்னோடு தங்கி ஒத்தாசை செய்ய ஒரு பையன் வேண்டுமாம். தன் பழைய மாணவன் சவுரிமுத்துவின் மகனாக இருந்தால் ரொம்ப சந்தோஷமாம்.

"எவ்ளோ பெரிய பாக்கியம்! டெரன்ஸைத் தேடிக் கேட்டிருக்காரு" என்று பூரித்தாள் சரோஜினி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள், ஊருக்கே இணைப்புக் கொடுப்பவள். புருஷனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

"அவன் போக வேண்டாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

"ஏன்னு சொல்லுங்க. ஒரு காரணம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்."

காரணம் அவர் தொண்டையில் பதினோரு வயதிலிருந்து உட்கார்ந்திருந்தது. வெளியே வரத்தான் மாட்டேன் என்றது. ஏழு நாள் கேட்டுப் பார்த்த சரோஜினி, எட்டாம் நாள் மகனுடைய பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு துண்டும் மடித்து வைத்துவிட்டாள். டெரன்ஸுக்கும் பதினோரு வயது.

ஆக, வெள்ளி மாலை ஏழு மணிக்கு மைக்கைப் பிடித்தபோது வாத்தியாரின் தலைக்குள் பெட்டிதான் இருந்தது. கேசட் அட்டையை அவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அங்கி போட்ட ஒரு பாதிரியார், அவர் கை ஒரு சிறுவனின் தோளில், பின்னால் பெரிய சிலுவை. சிட்டிபாபு பால்பாயிண்டில் 'சாமி - சூப்பர்' என்று எழுதியிருந்தான்.

ஹாலில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். முன்வரிசை நாற்காலியில் பங்குத்தந்தை சாலமோன், குருப்பட்டம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத இளைஞர். பக்கத்தில் பங்குப் பேரவைத் தலைவர் ஏசுபாதம், விமான நிலையத்தில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், பொழிச்சலூரிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். பெண்கள் பக்கம் தரையில் முதல் ஆளாக, கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் மரியபுஷ்பம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு படம் பார்க்க அவளைப்போல் ரசிகை கிடையாது.

முதல் பத்து நிமிடம் ஒரு தொல்லையும் இல்லை. அழகான கோயில், மணி, பனி, பூசைக்கு உதவும் பையன்கள். பதினோராம் நிமிடத்தில் பாதிரியார் ஒரு பையனை அறைக்குள் கூப்பிட்டார். கதவு மூடிக்கொண்டது. படம் அந்த மூடிய கதவையே காட்டிக்கொண்டிருந்தது, வெகுநேரம்.

இது என்ன படம் என்று சவுரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த இன்னும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஃபாதர் சாலமோன் குனிந்து தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். ஏசுபாதம் எழுந்து வந்து வாத்தியாரின் காதோடு சொன்னார்.

"இன்னா சார் படம் இது? பேஜாரா போச்சே!"

"நிறுத்திடலாம் சார்."

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. இருநூறு பேருக்கு இன்னான்னு பதில் சொல்றது? சமாளிங்க. பேயையே சாத்தானாக்கினவரு நீங்க."

சமாளிப்பது சவுரிமுத்துவுக்குப் புதிதா என்ன? அதில் அவருக்கு முப்பத்தொரு வருட சர்வீஸ். தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "ஃபாதர் பையனுக்கு உள்ளே லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார்."

பெண்கள் பக்கம் திருப்தியாகத் தலையாட்டியது. அடுத்த காட்சியில் பையன் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான், தாய் அழுதாள். "பையன் லத்தீனில் பெயில்" என்றார் வாத்தியார். அடுத்து வீட்டு வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது.

"லத்தீன்ல பெயிலானதுக்கா போலீஸு?" என்றாள் மரியபுஷ்பம் சத்தமாக.

"அமெரிக்காவில் படிப்பு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு."

அப்புறம் கோர்ட்டு. வாத்தியார் அதைப் பரிசளிப்பு விழா ஆக்கினார். நீதிபதி தலைமை ஆசிரியரானார். வக்கீல்களோடு கருப்புக் காரில் வந்து இறங்கிய பிஷப், பரிசு கொடுக்க வந்தவரானார். ஏசுபாதம் முன்வரிசையிலிருந்து, பலே, அப்படியே போகட்டும் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனைப் பொய் சொல்ல வைத்துவிட்டு அவ்வளவு நிம்மதியாக உட்கார அவரால்தான் முடியும்.

"பரிசு குடுக்கற எடத்துல ஏன் வாத்தியாரே அல்லாரும் அழுவுறாங்க?" மரியபுஷ்பம் விடுவதாக இல்லை.

"ஆனந்தக் கண்ணீர்மா."

"ஆனந்தமா? அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா அப்டித் தெரியலியே."

வாத்தியார் அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார். அதுவரை உதட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் நின்ற பையன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். முன்பல் ஒன்று பெரியது. ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். பையன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அவன் சொன்ன இங்கிலீஷ் ரொம்ப எளிமையான இங்கிலீஷ். ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரிந்துவிடும்.

"சொன்னால் யாரும் உன்னை நம்ப மாட்டார்கள் என்று ஃபாதர் சொன்னார்" என்றார் சவுரிமுத்து.

ஏசுபாதம் இருமினார். வாத்தியார் திரும்பவில்லை.

"நான் கோயிலுக்குச் சொந்தமானவன், நீ யார் என்று கேட்டார். வீட்டில் சொன்னால் உன் அம்மா செத்துப்போவாள் என்றார்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டி.வி. அணைந்தது, மின்விசிறி நின்றது, மைக் செத்தது. தாம்பரம் பக்கம் இதெல்லாம் சகஜம். ஹாலில் வழக்கமான "ப்ச்" எழுந்து அடங்கியது. யாரோ மெழுகுவத்தி தேடினார்கள். சவுரிமுத்து நிறுத்தவில்லை. நாற்பத்தெட்டுப் பையன்களை மைக் இல்லாமல் கட்டி மேய்க்கிற குரல் அது. இருட்டில் கடைசிச் சுவர்வரை போனது.

"சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கால் அமுக்க வாடா என்று கூப்பிடுவார். போவேன். கதவைத் தாழ்ப்பாள் போடுவார். முடிந்ததும் கையில் ஒரு துண்டு பனங்கற்கண்டு வைப்பார். அழுதால் பாவம் என்பார், அதற்கும் பாவசங்கீர்த்தனம் அவரிடமேதான் பண்ண வேண்டும். மறுநாள் காலைப் பூசையில் அதே கையால் என் நாக்கில் நற்கருணை வைப்பார். விழுங்குவேன். இரண்டு வருடம் விழுங்கினேன்."

மெழுகுவத்தி தேடியவர்கள் தேடுவதை நிறுத்தியிருந்தார்கள். மரியபுஷ்பத்தின் குரல் மட்டும் கேட்டது, ரொம்ப மெதுவாக.

"அமெரிக்காவுலயும் பனங்கல்கண்டு கீதா வாத்தியாரே?"

சவுரிமுத்துவுக்கு அப்போதுதான் டி.வி. அணைந்திருப்பது உறைத்தது. கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். இருட்டில் அதுவும் தெரியவில்லை. ஓடிவிடலாமா என்று தோன்றியது. மூலையில் அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றும் தோன்றியது. மடித்து வைத்த இரண்டு சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"இது அமெரிக்கா இல்லம்மா" என்றார்.

"அந்தச் சாமியாரு இன்னும் உசுரோட கீறாரா?"

"இருக்காரு. திங்கக்கிழமை நம்ம கோயிலுக்குத் தியானம் குடுக்க வர்றாரு."

கரண்ட் வந்தது. அந்த ஊரில் கரண்ட் வந்தால் 'ஹோ'வென்று கத்தாத கூட்டம் கிடையாது. அன்றைக்கு ஒருவர் வாயும் திறக்கவில்லை. டி.வி. நீல நிறத்தில் சும்மா எரிந்துகொண்டிருந்தது. இருநூறு பேர் பார்க்க, சவுரிமுத்து வாத்தியார் மைக்கைப் பிடித்தபடி குழந்தைமாதிரி அழுதுகொண்டு நின்றார்.

ஏசுபாதம்தான் முதலில் எழுந்தார். இந்த மாதிரி நேரத்தில் செபம் சொல்லி மூடிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. "எல்லாரும் எழுந்து நின்று, கர்த்தர் கற்பித்த..."

"ஒக்காருய்யா" என்றாள் மரியபுஷ்பம். உட்கார்ந்துவிட்டார்.

வலப்பக்கத்திலிருந்து சரோஜினி எழுந்தாள். பெண்களின் வரிசையைத் தாண்டி, நடுவில் விட்டிருந்த வழியைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வழியாக நடந்து டி.வி.க்கு முன்னால் வந்தாள். அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஒரு காரணம்தானேங்க கேட்டேன்" என்றாள்.

ஃபாதர் சாலமோனை எல்லோரும் பார்த்தார்கள். செமினரியில் பத்து வருடம் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்களே, இதற்கு ஒரு பாடம் வைத்தார்களா? எழுந்து வெளியே போனார். ஓடிவிட்டார் என்றுதான் சவுரிமுத்து நினைத்தார். பங்களா ஹாலை ஒட்டியது. ஜன்னல் வழியாக டெலிபோன் டயல் சுற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல், முதலில் நடுங்கி, பிறகு தெளிந்து: "ஃபாதர் ஞானாதிக்கமா? நான் சாலமோன். நீங்க இங்க வர வேண்டாம். ... ஏன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு நான் பிஷப்பைப் பார்க்கப் போறேன். போய் எல்லாத்தையும் சொல்லுவேன்."

ஊர் ஒரே இரவில் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டு அழுக்கைத் தெருவில் அலசிவிட்டார் வாத்தியார் என்று மறுநாள் காலையிலேயே பேச்சு கிளம்பியது. ஏசுபாதம் கோயில் பலகையில் 'தவிர்க்க முடியாத காரணங்களால் தியானம் ரத்து' என்று ஒட்டினார். ஆனால் அஸ்தினாபுரத்திலிருந்து அறுபது வயதுக்காரர் ஒருவர், அதுவரை வாத்தியாரிடம் ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவர், சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் நின்றார். "எனக்கு வேற ஊரு, வேற சாமியாரு" என்றார். சரோஜினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியிலிருந்த சட்டைகளை டெரன்ஸே எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டான். இனி யாராவது கதவைச் சாத்தினால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கத்திச் சொல்ல வேண்டும் என்று அவனிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அதைச் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

சாயங்காலம் சவுரிமுத்து கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சிட்டிபாபு அதைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினான்.

"இன்னா சார், பாதிலயே நிக்குது. புல்லா பாக்கலியா?"

"கரண்டு போயிடுச்சுப்பா."

"அடடா, கிளைமாக்ஸ் போச்சே! இன்னொரு நாள் வச்சுக்கினு பாத்துட்டுத் தர்றதுதானே? அந்தக் கோர்ட்டுல பையனை நம்புனாங்களா இல்லியான்னு தெரிய வாணாமா?"

"நீ பாத்தியா?"

"எங்க சார்! சிலுவ கீது, அவ்ளோதான் பாத்தேன். கஸ்டமர் ஒருத்தரு சொன்னாரு."

கேம்ப் ரோட்டில் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"படத்துல எப்படியோ தெரியாது சிட்டிபாபு" என்றார். "எங்க கோயில்ல நம்பிட்டாங்க."

சிட்டிபாபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேசட்டைத் துணியால் துடைத்து மறுபடியும் சாமி வரிசையிலேயே செருகினான். வாத்தியார் அதை மாற்றச் சொல்லவில்லை.